கிரின்டன் சந்தியில் நிற்பதற்கு முன்

தம்பி,

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். நோர்வேஜிய மொழியில் எழுதியிருந்தால் ஒரே மூச்சில் ஓடி முடித்துவிட்டு அடுத்த நிமிடமே போன் எடுப்பாய். போனில் என் குரலைக் கேட்டதும் உனக்கு மனம் இளகிவிடும், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவேன். எனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது என்பது உனக்கும் தெரியும். ஆகவே மெல்ல வாசி. சின்னப் பல்லுச் சக்கரத்துக்கு மாற்றிக்கொண்டு மேடு ஏறுவாயே, அந்த வேகம் போதும். இடையில் நின்று தண்ணீர் குடித்தாலும் பரவாயில்லை. முடிக்கும்வரை என்னைக் கூப்பிடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்துச் சொன்னதை நான் இன்னும் காதில் வைத்திருக்கிறேன். "அப்பா, செப்டெம்பரிலை எங்கடை சைக்கிள் கழகம் ஒரு பெரிய சவாரி வைக்குது. சந்தியளிலை நிண்டு வழி காட்ட ஆக்கள் தேவை. நீங்கள் வாங்கோ. உங்களைக் கிரின்டன் சந்தியிலை விடுறன். இந்த முறை நான் உங்களைக் கட்டாயம் பார்ப்பன்." சொல்லிவிட்டுச் சிரித்தாய். பக்கத்தில் உன் ஹெலனும் சிரித்தது கேட்டது. நான், "ஓம் தம்பி, வாறன்" என்றேன். போனை வைத்த பிறகு குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினேன், எதற்கு மூட்டினேன் என்று நினைவில்லாமல் அணைத்தேன்.

இங்கே என் நாட்கள் எப்படிப் போகின்றன என்று நீ ஒவ்வொரு முறையும் கேட்கிறாய், நான் ஒவ்வொரு முறையும் "நல்லாப் போகுது" என்கிறேன். அதுவும் பொய்தான், சின்னப் பொய். பஸ் ஓட்டுவதை விட்டு ஒன்றரை வருடமாகிவிட்டது. அம்மா எங்களை விட்டுப் போய் மூன்று மாரிகாலம். ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில் இந்த ஒன்பதாம் மாடி வீட்டில் காலையில் எழுந்து யன்னலால் பார்த்தால் கீழே ரெயினுக்கு ஓடும் சனம் தெரியும். அவர்கள் ஓடி முடிந்ததும் பார்க்க ஒன்றுமில்லை. பகலில் கடைத்தொகுதிக்குப் போய் ஒரு வாங்கில் இருப்பேன். தெரிந்த முகங்கள் வரும், "என்ன அண்ணை, சுகமோ?" என்று கேட்டுக்கொண்டே நடந்துவிடும். குற்றம் சொல்லவில்லை, அவர்களுக்கு வேலை இருக்கிறது. சில நாட்களில் நான் வாய் திறந்து கதைத்த ஒரே ஆள் மருந்துக்கடைப் பிள்ளையாக இருக்கும்.

சனிக்கிழமை மட்டும் வேறு. நீ சைக்கிளை எடுக்கும்போது போனில் உன் இருப்பிடத்தை எனக்குத் திறந்துவிடுகிறாய் அல்லவா, அந்த நீலப் புள்ளி அசையத் தொடங்கியதும் நான் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு மேசையில் இருந்துவிடுவேன். நத்தார்ப் பண்டிகைக்கு நீ தந்த அந்தப் பெரிய கடதாசி வரைபடத்தை மேசையில் விரித்தபடியே விட்டிருக்கிறேன், சாப்பாடு கூட அதன் மேல்தான். சாலையில் சின்ன அம்புக்குறி ஒன்று இருந்தால் கடும் ஏற்றம், இரண்டு இருந்தால் இறங்கித் தள்ளினாலும் வெட்கமில்லை என்று நீ சொல்லித் தந்தாய். அங்கே இங்கிலாந்தில், ஹோஸ் ஊரில் காரை விட்டுவிட்டு நீ புறப்படுவாய். முதலில் அந்த வெண்ணெய்க் குழிகள் கணவாய். சந்தைக்குப் போகிற உழவர்கள் வெயிலுக்கு வெண்ணெய் உருகாமலிருக்க அந்தக் கற்குழிகளுக்குள் இறக்கி வைத்தார்களாம், அதனால்தான் அந்தப் பெயர் என்று நீ சொன்னபோது, இங்கிலாந்திலும் வெண்ணெய் உருகுமளவுக்கு வெயில் உண்டா என்று நான் கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் உண்மையாகத்தான் கேட்டேன்.

அந்த ஏற்றத்தில் உன் புள்ளி நத்தைமாதிரி ஊரும். நான் இங்கிருந்து முழங்காலை இறுக்கிக்கொண்டு இருப்பேன். உச்சிக்கு வந்ததும் ஒரேயடியாகப் பாயும், அப்போது இன்னும் பயம். அந்த இறக்கத்தில் செம்மறிகள் நடுரோட்டில் படுத்திருப்பதை நான் கண்ணால் கண்டவன். பிறகு த்வெயிட், மியூக்கர், கன்னர்சைட், ரீத் என்று ஊர்கள். ஆற்றங்கரையோடு போகும் அந்த ஒடுங்கிய பாதைகளில் இரண்டு பக்கமும் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய மதில்கள். உழவு இயந்திரம் எதிரே வந்தால் ஒதுங்க இடமில்லை என்பது எனக்குத் தெரியும், கணினியில் அந்த வீதிப் படங்களை ஒவ்வொரு அடியாகத் தள்ளித் தள்ளி நான் உன் பாதை முழுவதையும் பார்த்து முடித்திருக்கிறேன். இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவனுக்கு ஒரு பாதையைப் பாடமாக்க எவ்வளவு நேரம் வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், மியூக்கர் தாண்டினால் பாலம், பாலம் தாண்டினால் கல்வீடு, அதன் பிறகு மாடு தாண்டாமல் ரோட்டுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி போட்ட இடம், அங்கே சைக்கிள் டக டக என்று குலுங்கும்.

கன்னர்சைட் என்ற பெயரை நீ ஒருநாள் எனக்கு விளங்கப்படுத்தினாய். முந்தின காலத்தில் நோர்வேயில் இருந்து போனவர்கள் அங்கே குடியேறி வைத்த பெயராம். குன்னார் என்ற ஒருவன் கோடையில் ஆடு மாடு மேய்த்த இடமாம். "அப்பா, அவங்களும் நோர்வேயிலை இருந்து வந்து மலைக்கு மேலை தனியத் திரிஞ்சவங்கள். நானும் அப்பிடித்தான்" என்றாய். நீ பகிடியாகத்தான் சொன்னாய். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. என் பிள்ளை ஏன் கூட்டத்தோடு சேராமல் தனியே ஓடுகிறான் என்ற கேள்விக்கு விடை என்னிடம் இருந்தது.

இந்த ஈஸ்டருக்கு நான் வந்திருந்தேனே, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். ஹெலன் கார் ஓட்ட நான் பக்கத்தில் இருந்தேன். அவள் இன்னும் எனக்கு மருமகளாகவில்லை, ஆனாலும் என் முழங்காலுக்கென்று இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, முதுகுக்கு ஒரு சால்வையையும் மடித்து வைத்திருந்தாள். நீ முன்னால் போக நாங்கள் வெகுதூரம் பின்னால் வந்தோம். கிரின்டனில் தேவாலயத்தைத் தாண்டி ஏற்றம் ஏறினால், மேலே வெறும் புல்வெளியில் ரோடு இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் லேபர்ன், வலது பக்கம் ரெட்மயர். வீடில்லை, மரமில்லை. நூறு தடவை போன பாதை உனக்கு. ஆனாலும் நீ அந்தச் சந்தியில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை நிலத்தில் ஊன்றி, இடமும் வலமும் பார்த்து, பின்னால் திரும்பியும் பார்த்துவிட்டுத்தான் வலது பக்கம் ஏறினாய். ஏற்றத்தின் நடுவில் யாராவது நிறுத்துவார்களா? திரும்ப மிதித்து எழும்ப எவ்வளவு பாடு.

பிறகு தேத்தண்ணிக் கடையில் ஹெலன் உன்னைச் சீண்டினாள், எல்லாச் சந்தியிலும் இவன் இப்படித்தான் நிற்பான், பின்னால் வருகிறவர்கள் வந்து மோதப் பார்ப்பார்கள், அதனால்தான் தனியே ஓடுகிறான் என்று. நீ அப்போது அந்தக் கதையைச் சொன்னாய். பதினான்கு வயதில் ஒஸ்லோவில் ஒரு ஓட்டப்போட்டி. நீ முன்னால் போனாய். சந்தியில் உன் அப்பா மஞ்சள் மேலங்கியோடு நின்றார். நீ தலையைக் குனிந்துகொண்டு அவரைக் காணாமல் நேரே போய்விட்டாய். அப்பா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொட்டுகிற மழையில், உன் பெயரைக் கூப்பிட்டபடி பின்னால் ஓடினார். உனக்கு அது கேட்கவேயில்லை. "என்ரை வாழ்க்கையிலை எனக்காக ஒருத்தர் அப்பிடி ஓடினது அந்த ஒரு நாள்தான். நான் திரும்பிப் பாக்கேல்லை" என்று ஹெலனுக்கு ஆங்கிலத்தில் சொன்னதை எனக்குத் தமிழில் ஒருமுறை சொன்னாய். ஹெலனுக்குக் கண் கலங்கியது. நான் என் கோப்பையில் கரைந்து முடிந்த சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

தம்பி, நான் ஓடவில்லை. நான் அங்கே நிற்கவேயில்லை.

இப்போது உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இனி வருவதை நடந்தபடியே எழுதுகிறேன், எங்கேயாவது எனக்குச் சாதகமாக வளைத்திருந்தால் அந்த இடத்தில் கோடு போடு.

அந்த நாளில் உன் ஓட்டக் கழகத்தில் பெற்றோர் எல்லோரும் மாறி மாறிக் கூலியில்லாமல் ஏதாவது வேலை செய்ய வேண்டும். டுக்னாட் என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். கிழமையில் ஆறு நாள் பஸ் ஓட்டிவிட்டு வந்தவன் ஏழாம் நாள் சும்மா போய்க் கொடிக்கம்பம் நடுவதா என்று நினைத்தேன். சம்பளமில்லாத வேலையை யாராவது உண்மையாக எதிர்பார்ப்பார்கள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஒவ்வொரு முறையும் அம்மாவைக் கொண்டு ரோல்ஸ் பொரித்துப் பெரிய தட்டில் கொடுத்துவிட்டேன். அவர்கள் நன்றி சொல்லிச் சாப்பிட்டார்கள். நானும் என் கடமை முடிந்தது என்று இருந்தேன். மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் மழைக்குள் நிற்க, உன் தகப்பனின் இடத்தில் ஒரு தட்டு ரோல்ஸ் நின்றது. நீ ஒருநாளும் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை மட்டும் கழுவித் திருப்பிக் கொண்டுவருவாய்.

அந்தப் போட்டியும், உன் மச்சாள் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்திய வீடும் ஒரே நாளில் வந்தன. என் தங்கச்சி, உன் மாமி, ஒரு வருடத்துக்கு முன்பே மண்டபம் எடுத்துவிட்டாள். நீயும் வரத்தான் வேண்டும் என்று நான் நின்றேன். நீ மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. அம்மாதான் சொன்னாள், "அவன் ஒண்டும் கேக்காத பிள்ளை. இதை விடுங்கோ." எனக்கு உடனே பெரிய மனம் வந்துவிட்டது. போட்டிக்குப் போ என்றேன். அதோடு நிற்காமல், உன் பயிற்சியாளருக்கு முன்னால் போய், இந்த முறை நானே ஒரு சந்தியில் நிற்கிறேன் என்றும் சொன்னேன். உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். உன் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். போட்டி பத்து மணிக்கு. நீங்கள் பத்தரைக்குள் என் சந்தியைத் தாண்டிவிடுவீர்கள். பதினொன்றுக்கும் பதினொன்றரைக்கும் இடையில்தான் பிள்ளையின் தலையில் பாலறுகு வைக்க நல்ல நேரம். தாய்மாமன் நான் இல்லாமல் சடங்கைத் தொடங்க ஏலாது. அதனால் வீட்டிலிருந்தே பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, அதற்கு மேல் கழகம் தந்த மஞ்சள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு, நகருக்கு வெளியே மரிடாலனில் அந்த ரோட்டுப் பிரிவுக்குப் போனேன். ஒரு மரத்தாங்கியில் சிவப்புத் தபால்பெட்டிகள் வரிசையாக இருக்குமே, அந்த இடம். ஒன்பது மணிக்கே நின்றேன், அது உண்மை. வலது பக்கம் திரும்பச் சொல்லி ரோட்டில் வெள்ளையால் ஒரு அம்புக்குறி கீறியிருந்தார்கள்.

மழை தூறத் தொடங்கியதால் போட்டி முக்கால் மணி பிந்தியது. எனக்கு அது தெரியாது. பத்தரையாகியும் ஒருவரும் வரவில்லை. மாமி நான்காம் தரம் போன் எடுத்தாள். "அண்ணை, எங்கை நிக்கிறியள்? ஐயர் வந்திட்டார். பிள்ளையை மணையிலை இருத்தியாச்சு. சனம் முழுக்க உங்களைத்தான் கேக்குது." நான் பயிற்சியாளருக்கு ஒரு அழைப்பு எடுத்து, எனக்குப் போக வேண்டியிருக்கிறது, வேறு ஆளை அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் வராதவன், வந்த ஒரு நாளும் இடையில் போகிறான் என்று நினைப்பார்களே. அம்புக்குறி இருக்கிறதுதானே, பிள்ளைகள் கண் உள்ளவர்கள்தானே என்று எனக்கு நானே சொன்னேன். மேலங்கியைக் கழற்றிக் காரின் பின்பெட்டிக்குள் எறிந்துவிட்டுப் போய்விட்டேன். போகிற வழியில் மழை பலத்தது. அந்த வெள்ளை அம்புக்குறி சோக்குக் கட்டியால் கீறியது என்று எனக்கு அப்போது நினைவு வந்தது. நான் காரைத் திருப்பவில்லை.

மண்டப வாசலில் அம்மா கேட்டாள், "தம்பி தாண்டிட்டானோ?" நான், "ஓம், தாண்டிட்டான்" என்றேன். பாலறுகு வைத்தேன். நல்ல நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது என்று மாமி என் கையைப் பிடித்து அழுதாள். பன்னிரண்டரைக்கு, மச்சாளின் பக்கத்தில் என்னை நிறுத்தி வீடியோக்காரர் தோளைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது பயிற்சியாளர் எடுத்தார். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கேட்டேன். நீ எல்லோருக்கும் முன்னால் தனியே வந்து, சந்தியில் திரும்பாமல் நேரே போய், பாதை முடிகிற இடம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாயாம். அதற்குள் முடிவுக்கோட்டுத் துணியை அவிழ்த்துவிட்டார்களாம். பின்னால் கூட்டமாக வந்த பிள்ளைகளில் ஒருவன் அழிந்த அம்பின் அடையாளத்தைக் கண்டு திரும்ப, மற்றவர்களும் திரும்பியிருக்கிறார்கள். அங்கே ஆள் நிற்கவில்லை என்று அவர்கள் சொல்கிறார்கள், நீங்கள் நின்றீர்களா என்று கேட்டார்.

நான் யோசிக்கவேயில்லை, தம்பி. அவ்வளவு சுலபமாக வந்தது. நின்றேன், என் மகன் குனிந்தபடி என்னைத் தாண்டிப் போய்விட்டான், நான் அவனைக் கூப்பிட்டுக்கொண்டு பின்னால் ஓடினேன், அதனால்தான் மற்றப் பிள்ளைகள் வரும்போது சந்தியில் ஆளில்லை என்றேன். அந்த மனிதர், நீங்கள் நல்ல தகப்பன் என்றார். நான் உன்னை ஏற்ற வரும் வழியில் பெற்றோல் நிலையத்தில் காரை நிறுத்தி, மேலங்கியைக் குழாயில் பிடித்து நனைத்தேன். தலையையும் நனைத்தேன். இவ்வளவையும் செய்ய எனக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. உண்மையைச் சொல்லுவதற்கும் அதே பதினைந்து நிமிடம் இருந்தது.

நீ காரில் ஏறி அந்த ஈர மேலங்கியைப் பார்த்தாய். "அப்பா, நான் உங்களைக் காணேல்லை" என்றாய். "நீ குனிஞ்சபடி ஓடினாய். நான் கையைக் காட்டினனான்" என்றேன். "பின்னாலை ஓடி வந்தனீங்களோ?" "ஓம்." ஸ்டோவ்னர் வந்தோம். கார் நிறுத்துமிடத்தில் இறங்கும்போது, "சொறி அப்பா. நீங்கள் முதன்முறையா வந்து நிண்டீங்கள், நான் பாக்கேல்லை" என்று சொன்னாய். பதினான்கு வயதுப் பிள்ளை. நான் உன் தலையைத் தடவி, பரவாயில்லை என்று மன்னித்தேன். நான் உன்னை மன்னித்தேன், தம்பி. அதைத்தான் இந்தப் பதினேழு வருடத்தில் என்னால் விழுங்க முடியவில்லை. பொய் சொன்னதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம்.

அந்த இலையுதிர் காலத்தோடு நீ கழகத்தை விட்டாய். கவனமில்லாத பிள்ளை என்று பயிற்சியாளர் சொன்னாராம். நான் உள்ளுக்குள் நிம்மதியானேன், இனி அந்தப் பேச்சு வீட்டில் எழாது என்று. நீ இங்கிலாந்துக்குப் படிக்கப் போனதும், அங்கேயே வேலை எடுத்து நின்றதும், எல்லோரும் நினைப்பதுபோல உன் விருப்பம்தான். ஆனால் மலைப்பாதையில் ஒவ்வொரு சந்தியிலும் நீ கால் ஊன்றுவது என்னால் வந்தது. உன் கண்ணில் பிழையில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்திருந்தாலும் நீ தபால்பெட்டிகளைத்தான் கண்டிருப்பாய்.

அம்மாவுக்குத் தெரியும். அடுத்த நாள் வேட்டியைத் தோய்க்க எடுத்தவள் என்னிடம் கொண்டுவந்து விரித்துக் காட்டினாள். "மழைக்குள்ளை ஓடின வேட்டியிலை ஒரு துளி சேறில்லை" என்றாள். "அவனுக்குச் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்ல வேணும்." அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவது சொல்லுவாள், சண்டை பிடிக்காமல், மருந்து எடுத்தீங்களோ என்று கேட்கிற மாதிரி. கடைசியாக ஆஸ்பத்திரியிலும் கேட்டாள். சொல்லிவிட்டேன் என்று அவளிடமும் பொய் சொல்லியிருக்கலாம், அவள் நிம்மதியாகக் கண் மூடியிருப்பாள். அதை மட்டும் செய்யவில்லை. இன்னும் இல்லை என்றேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்பாய். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், மழையில் பின்னால் ஓடி வந்த ஒரு அப்பா உனக்கு இருந்திருப்பார். அவரை நீ பதினேழு வருடமாகக் கூடவே கொண்டு திரிகிறாய். வெண்ணெய்க் குழிகள் கணவாயில் மூச்சு முட்டும்போது அவரை நினைத்துத்தான் மிதிப்பேன் என்று ஈஸ்டருக்கு நீ சொன்னாய். அவரை நான் இன்றைக்கு உன்னிடமிருந்து எடுக்கிறேன், அதற்குப் பதிலாகத் தருவதற்கு என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. வேட்டி கசங்காமல் மண்டபத்துக்குள் நின்ற ஆள்தான் மிச்சம். ஆனால் செப்டெம்பரில் அந்த ஓடின மனிதராக வேடம் போட்டுக்கொண்டு கிரின்டன் சந்தியில் நின்று, நீ ஏறி வந்து என்னைப் பார்த்துச் சிரிக்க, நான் கையைக் காட்டுவது என்பது என்னால் ஏலாத காரியம். அதைவிட நான் இந்த ஒன்பதாம் மாடியிலேயே கிடக்கலாம்.

உனக்குப் புத்தி சொல்லுகிற தகுதி எனக்கு இனி இல்லை. என்றாலும் தகப்பன்தானே, ஒன்று சொல்கிறேன். ஹெலனிடம் பிந்திப் போனால் பிந்திவிட்டேன் என்று சொல்லு. வராவிட்டால் வரவில்லை என்று சொல்லு. அன்றைக்கே சொன்னால் அது ஒரு நாள் சண்டை. நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, அது செய்யாத பிழைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்டால், எந்த இடத்தில் நின்றாலும் சரி, காரை நிறுத்தி அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லு. பிறகு ஈரத்தில் பிரேக் பிடிக்கும்போது பின் பிரேக்கை முதலில் பிடி, அது உனக்குத் தெரியும், எழுதிவிட்டேன்.

இன்றைக்குச் சனிக்கிழமை. காலையில் உன் புள்ளி அசையத் தொடங்கியது, நான் முதன்முறையாகப் போனைக் கவிழ்த்து வைத்தேன். கீழே களஞ்சிய அறைக்குப் போய், பழைய பெட்டிக்குள் இருந்து அந்த மஞ்சள் மேலங்கியை எடுத்தேன். கழகத்துக்குத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, எறியவும் இல்லை. பளபளக்கும் பட்டி வெடித்து உதிர்கிறது, வயிற்றில் பொத்தான் பூட்டுப்படவில்லை. ரெயின் எடுத்து, பஸ் மாறி, மரிடாலனுக்குப் போனேன். தபால்பெட்டிகள் அதே இடத்தில்தான் இருக்கின்றன, புது நிறம் பூசியிருக்கிறார்கள். ஒன்பது மணிக்குப் போய் நின்றேன்.

பத்தரைக்கு மழை வந்தது. கால் கடுத்தது. ஏழெட்டுச் சைக்கிள்காரர் அவரவர் பாட்டில் போனார்கள், ஒருவர் என் மேலங்கியைக் கண்டு வேகத்தைக் குறைத்தார், நான் போகச் சொல்லிக் கை காட்டினேன். பதினொன்றுக்கு, அன்றைக்கு நீ வந்திருக்கக்கூடிய நேரத்தில், ரோட்டில் ஒருவரும் இல்லை. நான் வலது கையை நீட்டினேன். நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றேன். வயதான ஒரு நோர்வேக்காரப் பெண் குடையோடு கடிதம் எடுக்க வந்தவள் என்னைப் பார்த்து, இன்றைக்குப் போட்டி ஏதும் இருக்கிறதா என்று கேட்டாள். முடிந்துவிட்டது, நான்தான் பிந்தி வந்தேன் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே வந்து கோப்பி குடிக்கிறீர்களா என்றாள். பன்னிரண்டு மணிவரை நிற்க வேண்டும் என்று சொன்னேன். அவள் குடையைத் தந்தாள், நான் வாங்கவில்லை. பன்னிரண்டுக்குத்தான் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன்.

இதை ஹெலனுக்கும் வாசித்துச் சொல்லு, அவள் கண் கலங்கியது பொய்க்கு. பிறகு நீங்கள் இருவரும் இருந்து யோசியுங்கள். நான் வரலாம் என்றால் ஒரு வரி போடு, எந்த நேரம் என்று சொன்னால் ஒரு மணி நேரம் முன்பே போய் நிற்பேன், கடைசிச் சைக்கிள் தாண்டி, நீ வந்து போகலாம் என்று சொல்லும்வரை அசையமாட்டேன். வேண்டாம் என்றாலும் எனக்கு விளங்கும், நான் காரணம் கேட்கமாட்டேன். ஆனால் அந்தச் சந்திக்கு வேறு ஆளைப் பிடி. ஆளில்லாமல் விடாதே.

மேலங்கியைக் குளியலறையில் காயப் போட்டிருக்கிறேன். நான் இதை எழுதும்போதும் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்கிறது. இது மழைத் தண்ணீர், தம்பி.

அப்பா